ராகு காலம் பார்த்துத் தள்ளுபடியான கேஸ்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மறதியும் உண்டு. முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். ரோட்டிலிருந்து அங்கே போக, என் ஓரகத்தியின் நிலத்து ஓரமாக ஒரு வண்டிப் பாதை இருந்தது. பாகம் பிரித்தபோது வாய்ப்பேச்சில் விட்ட பாதை. கொழுந்தனார் காலமான பிறகு அவள் அதையும் உழுது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுவிட்டாள். டிராக்டர் வர வழியில்லை. என் மூட்டைகளெல்லாம் வரப்பு மேல் தலைச்சுமையாகத்தான் வரும். பாதையை விடச் சொல்லித் திருவண்ணாமலைக் கோர்ட்டில் கேஸ் போட்டேன். அந்த வருஷம் வைத்த தென்னம்பிள்ளை காய்த்துவிட்டது. கேஸ் இன்னும் பாளைகூட விடவில்லை.

கோர்ட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கோ நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே வாய் ஒட்டிக்கொள்ளும். தூணோரம் ஒண்டிக்கொண்டு நிற்பேன். யார் மேல் கேஸ் போட்டேனோ அவள்தான் குரல் கொடுப்பாள். "இருக்காங்கையா, இதோ நிக்கிறாங்க." அப்புறம் என் காதில், "கேஸு போடத் தெரியுது, இருக்கேன்னு சொல்லத் தெரியலையாக்கா?" என்பாள். வாய்தா வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்புவோம்.

நான் சாட்சி சொல்ல வேண்டிய நாள் ஒரு திங்கட்கிழமை வந்தது. ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். இவ்வளவு வருஷம் காத்திருந்த கேஸை ராகு காலத்திலா கொண்டுபோவது? ஒன்பது அடிக்கட்டும் என்று பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். அவளும் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"நீயுமா ராகு காலம் பாக்கற?"

"ஏன், நீங்க மட்டுந்தான் ஜெயிக்கணுமா?"

இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினோம்.

காலண்டரில் ராகு காலம் பார்த்தோமே, அதே தாளில் பௌர்ணமி என்று போட்டிருந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை. பஸ்ஸை ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோவும் உள்ளே போகாது. நடந்தோம். எதிரே கிரிவலக் கூட்டம் வெள்ளமாக வருகிறது. ஒரு போலீஸ்காரர் என்னைத் தடுத்து, "பாட்டி, கிரிவலம் அந்தப் பக்கம். எதிர்ல வராதீங்க" என்றார். கோர்ட்டுக்குப் போகிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நானும் திரும்பி நடந்தேன். ஓரகத்தி கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறீங்க? மலையச் சுத்திட்டா சாட்சி சொல்லப் போறீங்க?"

போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. நான் வரவில்லை என்று கேஸைத் தள்ளுபடி செய்திருந்தார்கள். என் வக்கீல் தலையில் கை வைத்தபடி, "ராகு காலம் பாத்தீங்க, கோர்ட்டு டைம் பாத்தீங்களாம்மா?" என்றார். மறுபடி எடுக்கச் சொல்லி மனு போடலாம், எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் கஷ்டம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஓரகத்தி மெதுவாகச் சொன்னாள். "கேஸு போனா போவுதுக்கா. மல்லாட்டை எடுக்கிற அன்னைக்கு டிராக்டர விட்டுக்கோங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு எனக்கு வாய் வந்தது. "நீ விடுவ. உனக்கப்புறம் உன் புள்ள விடுவானா? எனக்கு எழுத்துல வேணும்."

இறங்கும்போது, "உங்களுக்குப் பிடிவாதம் ஜாஸ்திக்கா" என்றாள்.

மனு விசாரணைக்கு வந்த அன்று அவளுடைய வக்கீல் ஆட்சேபிக்க எழுந்தார். அதற்குள் இவள் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"பஸ்ஸ வெளியவே நிறுத்திட்டாங்கையா. நானும் கூடத்தான் வந்தேன். அவங்க சொல்றது பொய்யில்ல."

"கேஸ மறுபடியும் எடுத்தா உங்களுக்குத்தானேம்மா கஷ்டம்?" என்று நீதிபதி கேட்டார்.

"எடுத்து, அப்புறம் அவங்கள தோக்க வைங்கையா. பௌர்ணமியால ஜெயிச்சேன்னு ஊர்ல பேசுவாங்க."

கோர்ட்டே சிரித்தது. அவளுடைய வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. கேஸுக்கு உயிர் வந்தது. எனக்கும்தான்.

அதற்குப் பிறகும் வாய்தாதான். இந்த வருஷ மூட்டையும் வரப்பு மேல்தான் வந்தது. ஆனால் தீர்ப்பு வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தீர்ப்பு வந்த மறுநாளே முதல் நடை என் நிலத்துக்கு என்று டிராக்டர்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் சரி என்கிறார். "எந்த வருஷம்மா?" என்று மட்டும் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.

இதையெல்லாம் யாராவது கேஸ் கட்டோடு ஒத்துப் பார்த்தால் நல்லது. முக்கியமாகப் பாதையின் அகலம். பத்தடியா, எட்டடியா என்று எனக்கே குழம்புகிறது. ஓரகத்தியைக் கேட்டால் ஆறடி என்பாள். அதை மட்டும் எழுதிவிடாதீர்கள்.