ராசாத்தி போட்ட நம்பர்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, என் தையல் கடையை ஒட்டினாற்போல ராசாத்தி எஸ்.டி.டி. பூத் திறந்தது தொண்ணூற்று மூன்றில். முதல் இரண்டு மாதம் எனக்கு நல்ல பொழுதுபோக்கு. மெஷினை நிறுத்திக் காதைத் தீட்டினால் போதும், ஊர் வம்பெல்லாம் தானாக வந்து சேரும். அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். மறுநாளே போன் பேசும் கூண்டுக்கு மேலே ஒரு ரேடியோவை வைத்து, யாராவது பேச ஆரம்பித்தால் அலறவிட்டாள். "உங்களுக்குத்தானுங்ணா பாட்டு, கேட்டுக்கிட்டே தைங்க" என்று என்னிடமே சொன்னாள். எனக்கு எரிச்சல்தான், வேறென்ன?

போன் விஷயத்தில் அவளுக்குத் திட்டவட்டமான அபிப்பிராயங்கள் உண்டு. யார் எந்த நம்பருக்குப் பேசினார்கள் என்பது பேசினவர் சொத்து. பில் மெஷின் துப்பும் சீட்டில் நம்பர் அச்சாகியிருக்கும். வாங்காமல் போனவர்களின் சீட்டை நாலாகக் கிழித்துப் போடுவாள். மனைவி யாருக்குப் பேசினாள் என்று கேட்டு வந்த ஒரு லாட்ஜ் மேனேஜரை, "அவங்களே வந்து கேட்டாச் சொல்றனுங்க" என்று திருப்பி அனுப்பினாள்.

எஸ்டேட் ஜனங்களில் பலருக்கு எண் படிக்க வராது. கசங்கிய காகிதத்தை நீட்டுவார்கள். இவள்தான் நம்பர் போட்டு ரிசீவரைக் கையில் கொடுப்பாள். கிளியூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்த சென்னம்மாள், சந்தைக்கு வரும் நாளெல்லாம் மகளோடு பேசுவாள். மகள் கலாவதி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போயிருந்தாள். அங்கே தெருமுனை மளிகைக் கடை போனில் கூப்பிட்டால் அவளை அழைத்து வருவார்கள். அந்த நம்பர் எழுதிய காகிதம் என்றோ மழையில் கரைந்துவிட்டது. இப்போது அது இருந்த ஒரே இடம் ராசாத்தியின் மண்டை.

சென்னம்மாளின் கொழுந்தன் பெரியசாமி, கலாவதியைக் கண்ட இடத்தில் வெட்டுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். ஒரு புதன்கிழமை பூத்துக்கு வந்து நம்பரைக் கேட்டான்.

"பேசுனவங்க வந்து கேட்டாத்தானுங்க சொல்லுவேன்."

ஒரு மணி நேரத்தில் ஜீப்பில் சென்னம்மாளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். காப்பிப் பழம் பறிக்கிற சாக்கு இன்னும் அவள் இடுப்பில் கட்டியிருந்தது.

"இப்ப அவளே வந்துட்டா. கேளு அண்ணி."

சென்னம்மாள் தரையைப் பார்த்தபடி, "குடுத்துப்போடு கண்ணு" என்றாள்.

ராசாத்தி சொன்ன சொல்லே அவள் கழுத்தைப் பிடித்துவிட்டது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

ராசாத்தி சென்னம்மாளின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஆகட்டுங்க. நானே போட்டுத் தர்றேன்" என்று ரேடியோவை அணைத்தாள். மளமளவென்று பட்டன்களை அழுத்தி, ரிசீவரைப் பெரியசாமியிடம் நீட்டினாள்.

"ஏய், அங்க கலாவதின்னு ஒருத்தி இருக்கறாளா?" என்றான்.

ரேடியோ பாடாததால் மறுமுனைக் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது. "இது சேலம் மகளிர் போலீஸ் ஸ்டேஷன். நீங்க யாரு? எந்தக் கலாவதி?"

பெரியசாமி ரிசீவரைப் போட்ட வேகத்தில் கூண்டே ஆடியது. ராசாத்தி மெஷினிலிருந்து சீட்டைக் கிழித்து அவன் கையில் வைத்தாள். "நீங்க போலீஸுக்குப் பேசுனதை யாரு கேட்டாலும் நான் சொல்ல மாட்டனுங்க."

"நான் சொல்லுவேன்" என்றேன் வாசலில் நின்று. "அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா, ஊர் பூரா சொல்லுவேன்." என் ஓட்டை வாய் யாருக்காவது உதவியது அன்றைக்குத்தான். ஜீப் அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

"நானே கேட்டும் குடுக்கலையே கண்ணு" என்றாள் சென்னம்மாள்.

"கேட்டது நீங்க இல்லீங்க்கா."

அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே மகளிடம் சொல்லி எச்சரிக்க வேண்டும் என்றாள். ராசாத்தி திருப்பூர் நம்பரைப் போட்டாள். நான் யாரும் சொல்லாமலே தெருப்பக்கம் தள்ளிப் போய் நின்றேன். பேசி முடித்து வெளியே வந்த சென்னம்மாள், வழக்கமாக விட்டுப் போகும் சீட்டைக் கேட்டு வாங்கினாள். அதில் எது நம்பர் என்று அவளுக்குத் தெரியாது. முழுச் சீட்டையும் வெற்றிலையோடு மடித்து வாயில் போட்டு, கிளியூர் பஸ் வரும்வரை மென்றுகொண்டே நின்றாள்.