ஒட்டுப் பேனா

போட்டோ பார்த்து ஆர்டர் பண்ணவருக்கு இன்னிக்கு பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டுல பேனாவக் கொடுத்தேன்.

நாலு கலர் அக்ரிலிக்க துண்டு துண்டா அறுத்து, ஒட்டி, லேத்துல கடைஞ்சு, பாலிஷ் போட்ட பேனா. மூணு நாள் வேலை.

மனுஷன் இணைப்ப நகத்தால சுரண்டுறாரு.

"என்னங்க, உடைஞ்சத ஒட்டிக் கொண்டாந்திருக்கீங்க?"

"உடையலீங்க, டிசைனே அதுதாங்க."

"ஒட்டுன்னா ஒட்டுதானுங்க. எனக்கு வேணாம்."

பேனாவ என் கையில திணிச்சிட்டு டெம்போவ எடுத்துட்டாரு. அப்பதான் வண்டி பின்னாடி எழுதியிருந்ததப் படிச்சேன்:

"தரமான ஒட்டு மாங்கன்றுகள் கிடைக்கும்."

நாளைக்கு அவர் நர்சரிக்குப் போறேன். ஒவ்வொரு கன்னா நகத்தால சுரண்டி, "என்னங்க, உடைஞ்சத ஒட்டி வெச்சிருக்கீங்க?"ன்னு கேக்கப் போறேன்.

கூட யாரு வர்றீங்க? நகம் வெட்டாம வாங்க.