மாய்லிஸுக்கு ஒரு ஸ்கோப்

வேட்டைச் சாமான் கடைக்குள் வந்தால் மாய்லிஸ் ஜன்னல் பக்கமே போகமாட்டாள். மற்றவர்கள் துப்பாக்கிமேல் பொருத்திக் குறிபார்க்கும் ஸ்கோப்பைக் கையில் வாங்கியதும் தெருவைப் பார்ப்பார்கள். எதிர்ச்சாரி மருந்துக்கடையின் பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிய, அசந்துபோய்ப் பணத்தை நீட்டிவிடுவார்கள். அவளோ நேராகப் பின்பக்கம் போய்த் தரையில் மண்டியிடுவாள். ரப்பர் பூட்ஸ் அடுக்கிய அலமாரிக்கு அடியில், விளக்கு எட்டாத மூலையைப் பார்த்து ஸ்கோப்பைத் திருப்புவாள். அங்கே கிடக்கும் காலி அட்டைப்பெட்டியின் விளிம்பு தெரியவேண்டும். தெரியாவிட்டால், "சைத்தானே!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம். "பட்டப்பகல்ல மருந்துக்கடையவா சுடப்போறேன்?"

பனி கொட்டும் வடக்கத்தி வட்டாரமான யேம்ட்லாந்தில் பண்ணை பண்ணையாகப் பால் ஏற்றும் லாரியை அவள் ஓட்டுகிறாள். ஐம்பத்தேழு வயது, தனிக்கட்டை, அகன்ற தோள். வலப்புருவத்துக்கு மேலே பிறை வடிவில் ஒரு தழும்பு உண்டு. கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்க்கவேண்டிய மலிவு ஸ்கோப் ஒன்று, துப்பாக்கி பின்னால் உதைத்தபோது கொடுத்த முத்திரை அது. லாரியின் கியர், பனி வாரும் வண்டி, மரை தேய்ந்த தெர்மாஸ் மூடி என்று எல்லாப் பொருளையும் அவள் சைத்தான் என்றுதான் அழைப்பாள். மிருகங்களை மட்டும் அவள் திட்டிக் கேட்டவர்கள் இல்லை. கறவை நேரத்தில் வழியை மறித்து நிற்கும் பசுவிடம், "சரி சரி, நீ போ முதல்ல" என்று காத்திருப்பாள். ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்த வட்டாரத்தார் எல்லோரையும் போல உதட்டைக் குவித்து மூச்சைச் சுர்ரென்று உள்ளே இழுப்பாள். கோபத்தில் இருக்கும்போது அந்தச் சத்தம் டயரில் காற்று இறங்குவது போல இருக்கும். சென்ற ஒரு வருடமாக அவள் கோபத்தில்தான் இருந்தாள்.

போன இலையுதிர் காலத்து வேட்டையில் தொடங்கியது அது. சதுப்பு ஓரத்தில், மானுக்காகக் காத்து நிற்கும் இடம் அவளுடையது. அவளுக்கு முன்னால் அவள் அப்பாவுடையது. விடாத மழை. குதிரை உயரத்துக்கு ஓர் ஆண் எல்க் மான் காட்டைவிட்டு வெளியே வந்து, பக்கவாட்டில், முழு உடம்பும் தெரிய நின்றது. துப்பாக்கியைத் தூக்கி ஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். உள்ளே பால் மாதிரி வெள்ளை. வெளிக்கண்ணாடியைத் துடைத்தாள், போகவில்லை. ஈரம் குழாய்க்குள் புகுந்து ஆவி கட்டியிருந்தது. மங்கலான பழுப்பு மூட்டமாக ஒன்று தெரிந்தது. அதில் தோள் எது, வயிறு எது என்று சொல்ல முடியவில்லை. விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டாள். எல்க் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்து போனது.

அன்று மாலை, கறி வெட்டும் கொட்டகையில், வேட்டைக் குழுவின் தலைவன் ஸ்வாந்தே பேச்சை ஆரம்பித்தான். சொந்தமாக மரம் வெட்டும் இயந்திரங்கள் வைத்திருப்பவன். அவனுடைய ரைஃபிளின்மேல் உட்கார்ந்திருந்த ஸ்கோப்பின் விலைக்கு ஒரு பழைய கார் வாங்கலாம்.

"மாய்லிஸ் எல்க்கப் பாத்து டாட்டா காட்டினாப்பா! 'பாத்துப் போ ராசா, வழுக்கும்'னு சொல்லி அனுப்பிச்சிருக்கா!"

கொட்டகை சிரித்தது. மாய்லிஸ் தொடைக்கறியை அறுத்துக்கொண்டே இருந்தாள். கத்தி கறியைத் தாண்டிப் பலகைக்குள் இறங்கியது.

"தெரியாததச் சுடறவ நான் இல்ல" என்றாள்.

"தெரியலன்னா கண் டாக்டரப் பாரு, சின்னம்மணி. இல்ல, நல்ல ஸ்கோப்பா வாங்கு. அடுத்த வருஷம் நீ சரளைக்குழிப் பக்கம் நின்னுக்க. சதுப்ப நான் பாத்துக்கறேன்."

சரளைக்குழிக்குப் பின்னால் எல்க் வந்து யாரும் பார்த்ததில்லை. காபி குடித்துவிட்டு வரத்தான் அந்த இடம். 'சின்னம்மணி' என்ற வார்த்தைதான் அவளை இன்னும் சுட்டது. அவனும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

குளிர்காலம் முழுக்க அவள் லாரிக்குள் தனியாகச் சண்டை போட்டாள். ஸ்வாந்தேவோடு, சிரித்தவர்களோடு, தனக்கு அந்த ஸ்கோப்பை விற்றவனோடு. விற்றவன் அடுத்த வசந்தத்துக்குள் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போயிருந்தான். அதற்காக அவன்மேல் இன்னொரு மடங்கு கோபம். புது ஸ்கோப்புக்கு அவள் ஓர் எல்லை வகுத்துக்கொண்டாள்: லாரிக்காரி தன் காருக்குக் குளிர்கால டயர் வாங்கும் பணம். அதற்கு மேல் ஒரு க்ரோனா கிடையாது. அரை வருடக் கறி அந்த வேட்டையிலிருந்துதான் வருகிறது. கறிக்காகக் கறியின் விலையைவிட அதிகம் கொடுப்பவன் வேட்டைக்காரன் இல்லை, சுற்றுலாப் பயணி என்பது அவள் கட்சி.

கடைக்காரன் மெல்கர் பொறுமைசாலி. முப்பது வயது, ஒழுங்காகச் சீவிய தாடி. முதல் நாள் அவன் நீளமான ஒன்றை எடுத்துக் காட்டினான்.

"இது இருபத்திநாலு மடங்கு வரைக்கும் பெருசாக் காட்டும். இந்த விலைக்கு வேற எங்கயும் கிடைக்காது."

"எல்க் எங்க நிக்குது தம்பி, நிலாவுலயா?"

"தூரத்துக்கு..."

"எங்க காட்டுல தூரம்னு ஒண்ணு கிடையாது. மரத்துக்கு மரம் முட்டுது. இதுல பாத்தா எனக்கு மயிர்தான் தெரியும். எந்தப் பக்கத்து மயிர்னு நீ வந்து சொல்லுவியா?"

இரண்டாவது வாரம் அவன் சரியான ஒன்றைத் தேடி வைத்திருந்தான். குறைந்த உருப்பெருக்கம், அகலமான முன்கண்ணாடி, பளபளப்பான பெட்டி, டயர் பணத்துக்குள் அடங்கும் விலை. அலமாரிக்கடி மூலையில் அட்டைப்பெட்டியின் விளிம்பும் தெரிந்தது. மாய்லிஸ் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக் கேட்டாள்:

"பின்னாடி காபி போடற எடத்துல வாளி இருக்கா?"

"எதுக்கு?"

"வெதுவெதுன்னு தண்ணி பிடி. இத முக்கிப் பாக்கணும்."

மெல்கர் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினான். "அது... விக்கற பொருளுங்க. நனைக்க முடியாது."

"பெட்டியில என்ன போட்டிருக்கு? படி."

"தண்ணீர் புகாதது."

"அப்புறம் உனக்கு என்ன பயம்?"

"பயம் இல்ல. அது முறை இல்ல."

"முறையா?" அவள் குரல் உயர்ந்தது. மீன்தூண்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி திரும்பினார்கள். "போன வருஷம் மழையில நின்னது நான். எம்மூஞ்சிக்கு எதிர சிரிச்சாங்க, அப்ப எங்க போச்சு உன் முறை? பெட்டியில எழுதறதுக்குக் காசா பணமா? எம் பால் லாரியில கூடத்தான் 'கவனமாக ஓட்டப்படுகிறது'ன்னு எழுதியிருக்கு!"

அவன் வாளியைக் கொண்டுவந்தான். ஸ்கோப் தண்ணீருக்குள் இறங்கியது. இருவரும் வாளிக்கு மேல் தலைகுனிந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மெல்கரின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. அப்புறம் திருகுக்குமிழின் ஓரத்திலிருந்து கடுகளவில் ஒரு குமிழி மேலே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு நூல் கோத்த மாதிரி வரிசையாக.

மெல்கர் காது வரை சிவந்தான். மாய்லிஸ் மூச்சைச் சுர்ரென்று இழுத்தாள்.

அவன் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துவந்து தானே முக்கினான். முறுக்கிப் பெரிதாக்க வளையம் இல்லை. நான்கு மடங்கு, அவ்வளவுதான். சாயம் மங்கிய கறுப்பு. யாரும் கேட்காததால் அட்டைப்பெட்டியின் நிறம் வெளுத்திருந்தது. ஒரு காபி ஆறும் நேரம் காத்திருந்தார்கள். தண்ணீர் அசையவில்லை.

"ஓரத்துல கொஞ்சம் மங்கலா இருக்கு" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டுத்தான் அதை வாங்கினாள். வாசல்வரை போய்த் திரும்பி, "உம்மேல தப்பு இல்ல தம்பி" என்றாள். அதையும் திட்டுகிற குரலிலேயே சொன்னாள்.

செப்டம்பரில், வேட்டைக்காலம் தொடங்கிய முதல் நாள் காலை, மறுபடியும் மழை. மாய்லிஸ் சரளைக்குழிக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மீன்முட்டைப் பசை தடவிய மொறுமொறு ரொட்டியைக் கோபமாகக் கடித்துக்கொண்டிருந்தாள். சதுப்புப் பக்கம் நாய் குரைத்தது. ஒரு வெடிச்சத்தம். அவள் மெல்லுவதை நிறுத்தினாள். நாய் மறுபடி குரைத்தது. அந்தக் குரல் நகர்ந்துகொண்டே இருந்தது.

ரேடியோவில் ஸ்வாந்தேவின் குரல் கரகரத்தது. "பட்டிருச்சு. விழல. சரளைக்குழிப் பக்கமா ஓடுது. மாய்லிஸ், கேக்குதா?"

அவள் ரொட்டியைக் கீழே வைத்துத் துப்பாக்கியை எடுத்தாள். கிளை முறியும் சத்தம் கேட்டது; ஒழுங்கில்லாத, இழுத்து இழுத்து வரும் நடை. இளம் பிர்ச் மரங்களுக்கு நடுவே அது வெளியே வந்தது. பெரிய ஆண் எல்க். முன்னங்கால் ஒன்று முட்டிக்குக் கீழே தனியாக ஆடியது. அவள் ஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். மழைக்குள்ளும் தெளிவாகத் தெரிந்தது: திறந்த வாய், ஆவி, காதோரம் வழியும் நீர், தோள். சுட்டாள். குறி தவறியது. பிர்ச் பட்டை சிதறியது. எல்க் திரும்ப முயன்று, அந்தக் காலை ஊன்றித் தடுமாறியது. அவள் மூச்சைப் பிடித்து மறுபடி சுட்டாள். அது முன்பக்கமாகச் சரிந்தது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது அவள் அதன் பக்கத்தில் நின்றிருந்தாள். ஸ்வாந்தே மூச்சு வாங்க வந்தான்.

"ரெண்டாவது குண்டு பிரமாதம், சின்னம்மணி!"

"கால்ல சுட்டிருக்கே."

"ரொம்பக் கிட்ட வந்திருச்சு. ஸ்கோப்புல பெருக்கத்தக் கொறைக்க நேரம் இல்ல. பாத்தா முழுக்கப் பழுப்பாத்தான் தெரிஞ்சுது..."

"தெரியலன்னா ஏன் சுட்டே?"

"சதுப்புல அந்த மாதிரி ஒண்ணு வந்து நிக்கும்போது..."

"ஏன் சுட்டேன்னு கேக்கறேன்!"

 சுற்றி நின்றவர்கள் தொப்பிகளைச் சரிசெய்தார்கள். போன வருடம் சிரித்தவர்கள்தான். ஸ்வாந்தே பக்கத்து ஸ்ப்ரூஸ் மரத்திலிருந்து ஒரு சின்னக் கிளையை ஒடித்தான். மிருகத்தை வீழ்த்தியவர் தொப்பியில் செருகிக்கொள்ளக் கிளை கொடுப்பது சில குழுக்களில் வழக்கம். தன் தொப்பியைக் கழற்றி, கிளையை அதன்மேல் வைத்து, எல்லோரும் பார்க்க அவளிடம் நீட்டினான்.

மாய்லிஸ் கிளையை எடுத்தாள். மழைச் சேற்றில் மண்டியிட்டாள். எல்க்கின் கனத்த தலையை இரண்டு கையாலும் திருப்பி, உதட்டை விலக்கி, கடைசிக் கவளமாக அந்தக் கிளையை அதன் பற்களுக்கு நடுவே வைத்தாள்.