கேன் தண்ணீர் குடித்த மாவு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதன்பிறகு அரிசி ஆலை, இறால் பண்ணை, உப்பளம் என்று எங்கேயும் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. விஞ்ஞானத்துக்கு மூட்டை தூக்கியது மட்டும் மூன்றே நாள்.

தஞ்சாவூரிலிருந்து ஜீப்பில் வந்த ஆபீசர் ஒரு வெள்ளை மாவை ஊர் ஊராகக் காட்டிக்கொண்டிருந்தார். மரவள்ளி மாவின் மேல் காமா கதிரைப் பாய்ச்சி, கதிர் பட்டுக் காயமான இடத்தில் வேறொரு ரசாயனத்தை வளரவிடுவார்களாம். ஒட்டு மாங்கன்று மாதிரி. கத்திக்குப் பதில் கதிர், அவ்வளவுதான் என்பார். அப்படி ஒட்டிய மாவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து, காயும்போது பயிருக்குக் கொடுக்கும். மாவில் கதிர் மிச்சம் இருக்காது, பயப்பட வேண்டாம் என்றும் சொல்வார். யாரும் பயப்படவில்லை. இலவசம் என்றால் எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சுக்கும் வரிசையில் நிற்பார்கள்.

வித்தை எளிது. கண்ணாடித் தம்ளரில் ஒரு கரண்டி மாவு போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். சற்று நேரத்தில் கட்டியாகிவிடும். தம்ளரைக் கவிழ்ப்பார், ஒரு சொட்டு விழாது. கைதட்டுவார்கள். அந்தத் தண்ணீர் மட்டும் ஜீப்பில் வந்த கேன் தண்ணீர். சார் வேறு தண்ணீரைத் தொடமாட்டார், குடிக்கவும்கூட.

மூன்றாம் நாள் வேதாரண்யம் பக்கம், வாய்க்கால் தண்ணீர் எட்டிப்பார்க்காத கடைமடை. நேரடி விதைப்பாக நெல் தெளித்திருந்த ஒரு பெண்ணின் வயலைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிர் விரல் உயரம் வந்து நுனி கருகியிருந்தது. அதை உழுது மடக்கி, மாவைக் கலந்து, புதிதாக விதைக்க வேண்டும் என்றார் ஆபீசர். விதையும் தருவாராம். டிராக்டர் வரப்போரம் உறுமிக்கொண்டு நின்றது. அந்தப் பெண் குனிந்து ஒரு பயிரைப் பிடுங்கி வேரைப் பார்த்தார்.

"வேரு வெள்ளையாத்தான் இருக்கு சார். ஒரு மழை பேஞ்சா தேறிடும்."

"மழைய நம்பியே இருந்தீங்கன்னா எப்படிம்மா?" என்றார் ஆபீசர்.

உப்பளத்தில் வேலை பார்த்தவன் நான். முதல் நாள் வித்தை முடிந்ததும், கையில் ஒட்டிய மாவுக் கட்டியை ஒரு உப்பளத்து ஓரத் தண்ணீரில் கழுவியபோது, உப்பு பட்டு அது சுருங்கிக் குடித்ததையெல்லாம் கக்கியது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது அந்தப் பெண்ணின் போர் குழாயில், உப்புத் தண்ணீரில், தம்ளரைப் பிடித்து ஒரு கரண்டி மாவைப் போட்டேன். நனைந்த ரவை போல அடியில் கிடந்தது. கவிழ்த்தேன், அத்தனையும் என் காலில் கொட்டியது.

அந்தப் பெண் டிராக்டர்காரரைப் பார்த்தார். "அண்ணே, நீங்க கெளம்புங்க."

விவசாயி ஒத்துழைக்கவில்லை என்று ஆபீசர் நோட்டில் எழுதிக்கொண்டார். என்னை ஜீப்பில் ஏற வேண்டாம் என்றார். வரப்பில் நடக்கும்போது அந்தப் பெண் என் பின்னாலேயே வந்தார்.

"நேத்து எந்த ஊர்ல போட்டீங்க?"

சொன்னேன்.

"அங்க உழுதாச்சா?"

"உழுதாச்சுக்கா."

"அங்க என்ன தண்ணின்னு பாத்தியா?"

பார்க்கவில்லை.

"மூணு நாளா மூட்டை தூக்கத் தெரிஞ்சுதுல்ல? போ, போய்ப் பாரு."

பஸ்ஸில் போய் இறங்கி, பம்ப்செட் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தேன். உப்புக் கரித்தது. உழுத வயலின் வரப்பில் நின்றிருந்த, முந்தின நாள் எங்களிடம் மாவு வாங்கிய விவசாயி என்னை அடையாளம் கண்டுகொண்டு, மாவு எத்தனை நாளில் ஊறும் என்று மரியாதையாகக் கேட்டார்.