பலகைக்கு அந்தப் பக்கத்துக் கூட்டம்

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேல்மாடியில் என் வக்கீல் ஆபீஸ் இருந்தது. மாடியின் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் இன்னொரு வக்கீல். இருவரும் ஒரே வருடம் தொழிலுக்கு வந்தவர்கள். அவருக்குத் தலையில் முடியும் இருந்தது, வாசலில் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். எனக்கு இரண்டிலும் குறை. முடி விஷயத்தை மன்னித்துவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அவர் பக்கம் ஒரே நெரிசல். கோர்ட்டில் வழக்குகள் வற்றிப்போய், மனு எழுதித்தான் வக்கீல்கள் வயிறு வளர்த்த காலம். வெளியூர் மகளைப் பார்க்கப் போவதற்குப் பாஸ், பலகாரத்துக்குக் கூடுதல் சீனி, கடை லைசென்ஸ், எல்லாவற்றுக்கும் மனு. படியில் கட்டைச் செருப்பு கேட்டால் நான் காலரைச் சரிசெய்துகொள்வேன். செருப்பு என் வாசலைத் தாண்டி அடுத்த வாசலில் போய்க் கழலும். ஒருவர் பண்டிகைக் கோழி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அது என்னைப் பார்த்துத்தான் கொக்கரித்தது என்று இன்றும் நம்புகிறேன்.

எனக்கென்று இருந்த பெரிய கட்சிக்காரர் ஒருவரே. கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த பாய். கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டடச் சொந்தக்காரர் வழக்குப் போட்டிருந்தார். தீபாவளிக்கு மறுநாள் விசாரணை. அவரும் கைவிட்டால் என் வீட்டில் மரவள்ளிக்கிழங்குக்கும் ததிங்கிணத்தோம். போதாததற்கு, வேலையில்லாதவன் என்று பேர் விழுந்தால் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. மண்வெட்டியும் கையுமாக என்னைக் கற்பனை செய்து பார்த்தேன். மண்வெட்டியைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

பாயைப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். பத்தும் ஆயிற்று, பதினொன்றேகாலும் ஆயிற்று. ஆளைக் காணோம். பலகையில் இருந்த ஆணி ஓட்டையில் கண்ணை வைத்தேன். அடுத்த அறையில் ஒரு வெள்ளைத் தொப்பி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. வக்கீல் அதனோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். போயிற்று, பாயும் போயிற்று. இனி அந்த வக்கீல் கழித்துப் போடுகிற வேலையையாவது கேட்டு வாங்க வேண்டியதுதான் என்று எழுந்தேன். நான் முகத்தைத் துடைத்துச் சிரிப்பை ஒட்டிக்கொண்டு போவதற்குள் தொப்பி படியிறங்கிவிட்டது.

"ரொம்ப நெருக்கடி போல" என்றேன், போகிற போக்கில் கேட்பவன் மாதிரி.

"அத ஏன் கேக்குறீங்க, மூச்சு விட முடியலலா. நீங்க குடுத்து வச்சவரு. நிம்மதியா இருக்கீங்க."

"நமக்கும் வேலை தலைக்கு மேல இருக்குங்க. இருந்தாலும் நீங்க படுற பாட்டப் பாத்தா மனசு கேக்கல. பாதிய இந்தப் பக்கம் தள்ளுங்க."

நான் மனம் மாறிவிடுவேனோ என்று பயந்தவர்போல், அவர் ஓர் அடுக்கை அப்படியே தூக்கி என் மார்பில் சாய்த்தார்.

"எல்லாம் லைசென்ஸ் மனு. தீபாவளிக்கு மறுநாள் காலையில ஆபீஸ்ல குடுக்கணும். இப்பப் போனாரே பங்சார் பாய், சாப்பாட்டுக் கடைக்காரரு, அவரோடதும் இதுலதான் இருக்கு."

"பங்சார் பாயா?"

"ஆமா. ஏன்?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுக்கோடு வெளியே வந்தால், கிள்ளான் பாய் மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், பத்து மணின்னு சொன்னேனே?"

"பத்து மணிக்குத்தான் வந்திருக்கேன் தம்பி." கடிகாரத்தை எடுத்து நீட்டினார். சரியாகப் பத்து. "சப்பான் மணியவா சொன்னீங்க? அந்த மணிக்கு நான் சாயாகூடக் குடிக்க மாட்டேன்."

ஊர்க் கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி, தோக்கியோ நேரத்துக்கு ஓட்டச் சொல்லியிருந்தார்கள். கோர்ட் அந்தப் புது மணிக்கு நடந்தது. பாதி ஊர் வீம்பாகப் பழைய மணியிலேயே இருந்தது. ஒருவரை வரச் சொன்னால் எந்த மணி என்று சேர்த்துச் சொல்வது எல்லோருக்கும் வழக்கம். பொறாமையில் புழுங்கிக்கொண்டிருந்த எனக்கு அது மறந்துபோயிருந்தது.

பாய் என் கையிலிருந்த அடுக்கைப் பார்த்தார். பிறகு அடுத்த அறையை எட்டிப் பார்த்தார். அங்கே வக்கீல் நாற்காலியில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு வேலை சாஸ்தி போல. நம்ம கேஸப் பாக்க நேரம் இருக்குமா? இல்லன்னா அவரு சும்மாதான் இருக்காரு."

"நேரத்துக்கு என்ன பாய், கொட்டிக் கிடக்கு."

இடையில் இருந்த நாளையெல்லாம் மனுக்கள் தின்றுவிட, கொட்டிக் கிடந்தது தீபாவளி நாள் ஒன்றுதான். அன்று காலையில் ஊரே தலையில் எண்ணெய் வழிய நடந்துகொண்டிருக்க, நான் உலர்ந்த மண்டையோடு ஆபீஸில் மனு எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த வக்கீல் வீட்டில் அந்நேரம் குளித்து முடித்துப் பலகாரத்தில் கை வைத்திருப்பார் என்று நினைத்தாலே பேனா காகிதத்தைக் கிழித்தது. போன வாரம் அவருடைய வேலைக்கு ஏங்கியவன், இப்போது அவருடைய சும்மாவுக்கு ஏங்கினேன். கிள்ளான் பாய் எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தன் வழக்குக்கு எப்போது வருகிறேன் என்று பார்க்க, முதல் ரயிலிலேயே வந்துவிட்டார்.

"போயி தலைக்கு ஊத்திட்டு வாங்க தம்பி. நல்ல நாளும் அதுவுமா. நான் எங்கயும் போயிற மாட்டேன்."

அடுத்த அறை பூட்டிக் கிடந்தது. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் எழுந்திருக்கவில்லை.