கம்பி வலையூடாகக் கொடுத்த சாவி

மாலை நாலே முக்காலுக்குக் கரண்ட் போனது. இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசாப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டுக்குள் அப்போது நான் பால் பெட்டியோடு நின்றிருந்தேன். கம்பி வலைக்குள் ஏறி இறங்கும் பழைய லிஃப்ட் அது. மூன்றாம் மாடியைத் தாண்டி, எங்கள் நாலாம் மாடியை எட்டுவதற்குள் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. கைபேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது.

போன மார்கழியில், வருடத்திலேயே நீண்ட இரவு வரும் நாள். ஆறு வயது மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக்கொடுத்து, பொழுதுபட்டதும் யன்னலில் விளக்கு வையுங்கள் என்று ஒரு மெழுகுதிரியும் கொடுத்துவிட்டிருந்தார்கள். அதற்கு அவள் கடதாசியில் ஒரு விளக்குக் கூடு ஒட்டி வைத்திருந்தாள். நான் வந்து கொளுத்தித் தருவதாகச் சொல்லிவிட்டுத்தான் பால் வாங்க இறங்கினேன். மனைவி நகரின் இன்னொரு பக்கம், ஒரேத்தோவில், வயதான ஒரு இத்தாலிய அம்மாவைப் பராமரிக்கும் வேலையில் இருந்தாள்.

யாராவது தட்டினால் பிள்ளை திறந்துவிடுவாளோ என்ற பயத்தில் கதவை வெளியே பூட்டியிருந்தேன். அப்படிப் பூட்டினால் உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்க முடியாது. அந்தச் சாவி என் பொக்கற்றில் இருந்தது.

"அப்பா!" கதவுக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரல். "இருட்டாக் கிடக்கு. நான் மெழுகுதிரியைக் கொளுத்தட்டோ?"

நெருப்புப்பெட்டி சாமித்தட்டில் இருந்தது. கதிரையில் ஏறினால் எட்டிவிடும். யன்னல் திரை, கடதாசிக் கூடு, அவளுடைய நீளமான தலைமயிர். எல்லாம் ஒரேயடியாகக் கண்ணுக்குள் எரிந்தன.

"வேண்டாம் பிள்ளை! நெருப்புப்பெட்டியைத் தொடாதை! நான் லிஃப்டுக்குள்ளை நிக்கிறன். இப்ப வந்திடுவன்."

"பொய். இப்ப வாறன் எண்டுதானே போனீங்கள்."

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. நான் வலையைப் பிடித்து உலுப்பினேன். எந்த மொழியில் கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு இத்தாலிய அம்மா, நாங்கள் சின்யோரா என்று கூப்பிடுபவர். ஐந்து வருடமாக அவருடன் வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் கதைத்ததில்லை. பிள்ளை, பூட்டு, நெருப்பு என்று உளறினேன். அவர் உடனே கைபேசியின் வெளிச்சத்தை எங்கள் கதவடி இடுக்கில் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தவர்களும் தங்கள் கைபேசிகளை அவருக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

கதிரைச் சத்தம் நின்றது.

"அப்பா, கதவுக்குக் கீழாலை வெளிச்சம் வருது!"

"ஓமம்மா. அதுக்குக் கிட்ட வந்து இரு. எழும்பாதை."

எவ்வளவு நேரம் இருப்பாள்? பிள்ளைதானே. அப்போதுதான் கீழ்வீட்டு மனிதர் படியேறி வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், இடி மாதிரிக் குரல். நாங்கள் காயப்போடும் உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று எத்தனையோ தரம் சண்டைக்கு வந்தவர். சாப்பிட அடம்பிடித்தால், "கீழ்வீட்டுப் பூதத்தைக் கூப்பிடட்டோ?" என்று மகளை வெருட்டுவது என் வழக்கம். அவர் வலையருகே வந்து கையை நீட்டினார். "சாவி!"

நான் உடனே கொடுக்கவில்லை. அந்தச் சில விநாடிகளை ஒளிக்க விரும்பவில்லை. தனியே இருக்கும் என் பெண் பிள்ளையின் கதவை இந்த ஆளா திறப்பது? பிறகு சாவிக்கொத்தை நீட்டினேன். அது வலைக் கண்ணுக்குள் நுழையவில்லை. இருட்டில் வளையத்திலிருந்து ஒற்றைச் சாவியைக் கழற்ற முடியவில்லை. நகம் பிய்ந்தது. அவர் தன் கைபேசி வெளிச்சத்தை என் விரல்களில் பிடித்துக்கொண்டு, "மெதுவாக, மெதுவாக" என்றார். அந்தக் குரலை அவரிடம் நான் முன்பு கேட்டதே இல்லை. சாவி கைமாறியது.

"பிள்ளை, ஒரு மாமா கதவைத் திறக்க வாறார். பயப்பிடாதை!"

"ஆர்? பூதமோ?"

"பூதமில்லையம்மா. மாமா. நல்ல மாமா."

பூட்டுத் திரும்பியது. கதவு திறந்தது. பிறகு ஒரு சத்தமுமில்லை. நான் வலையில் காதை வைத்துக் கேட்டேன்.

தீயணைப்புப் படையினர் வந்து என்னை வெளியே எடுக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. அதுவரை அந்தப் படிகளை விட்டு ஒருவரும் எழுந்து போகவில்லை. இன்று எங்கள் வீட்டுச் சாவியில் ஒன்று எதிர்வீட்டில் இருக்கிறது. என் பயம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் என் பிள்ளையைக் காக்க என் பூட்டு மட்டும் போதாது என்று அன்றைக்கு விளங்கியது.

அன்று கதவு திறந்ததும் வந்த அந்த அமைதிக்குப் பிறகு படியில் சின்னக் காலடிகள் கேட்டன. கீழ்வீட்டு மனிதரின் ஒற்றை விரலைப் பிடித்தபடி மகள் இறங்கி வந்தாள். மற்றக் கையில் சின்யோராவின் கைபேசி. வலைக்கு மிக அருகில் வந்து வெளிச்சத்தை என் முகத்தில் அடித்துப் பார்த்தாள்.

"அழாதேங்கோ அப்பா. நாங்கள் எல்லாரும் இஞ்சைதானே நிக்கிறம்."