நகக்கடை டின்னுக்குப் பூட்டு எதற்கு?

நகத்தை அழகாக்குகிற தொழிலில் நகம் துளியூண்டு, அதிலிருந்து வருகிற குப்பைதான் மலை. பார்லர் வைத்துப் படாத பாடு படும் சகோதரிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? செஞ்சி கடைத்தெருவில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் என் கடை.

குழாய்க்கு வந்த சோதனை

பழைய நகப்பூச்சைக் கரைத்தெடுக்க அசிட்டோன் வைத்திருப்போம் இல்லையா? மிச்சத்தை ஆரம்பத்தில் வாஷ்பேசினில்தான் கவிழ்த்தேன். தண்ணீர் மாதிரித்தானே இருக்கிறது என்ற தைரியம். ஒரே மாதத்தில் பிளாஸ்டிக் குழாய் இளகி, கீழே பட்டுப்புடவை அடுக்கியிருந்த இடத்தில் சொட்ட ஆரம்பித்தது. குழாயைக் கழற்றி முகர்ந்து பார்த்த பிளம்பர் கேட்டார்:

"பாலிஷ கரைக்கிறது உன் தொழிலு, என் பைப்ப இன்னாத்துக்குக்கா கரைக்கிற?"

குபீர்

சரி, இனி பஞ்சில் ஒற்றிக் குப்பைக்கூடையில் போடலாம் என்று மாறினேன். பெரிய புத்திசாலி நான்! எங்கள் தெருவில் குப்பை எடுப்பவர் ராணி அக்கா. ஒருநாள் என் பஞ்சு மூட்டையை வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போனார். டீக்கடை வாசலில் நின்ற யாரோ ஒரு மகராசன் அணையாத பீடியை அதில் எறிந்தான். குபீரென்று பற்றிக்கொண்டது. ராணி அக்காவின் கை முடியெல்லாம் பொசுங்கி, மணிக்கட்டில் கொப்புளம். ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த மகராசி சொன்னது இதுதான்:

"தீவாளி இன்னிக்குத்தான்னு முன்னாடியே சொல்லக்கூடாதா, எண்ணெ தேச்சிக் குளிச்சிட்டு வந்திருப்பேன்ல?"

என் வாய்க்கொழுப்பு

அக்காவே வழியும் சொல்லிக்கொடுத்தார். பஞ்சை மூடி போட்ட இரும்பு டின்னில் சேர்க்க வேண்டும். ஆபத்தான குப்பைக்கென்று மாதம் ஒருமுறை தனி வண்டி வரும்போது கொடுக்க வேண்டும். நகம் செய்துகொள்ள வருகிறவர்களோடு கூட வருகிற பிள்ளைகள் திறந்துவிடக் கூடாதே என்று டின்னுக்குப் பூட்டும் போட்டேன்.

அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கிளம்பிய ஓர் அம்மா, போகிற வழியில் என் கடைக்கு வந்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு ஆறு பெண்களுக்கு நகம் செய்ய என்னிடம்தான் சொல்லி வைத்திருந்தார். மகளும் முந்தின வாரமே வந்து நகம் வெட்டிச் சீராக்கிக்கொண்டு போயிருந்தாள். டின்னில் என்ன என்று கேட்டார். "ஊர்ப் பொம்பளைங்க நகமெல்லாம் அதுலதான் இருக்குது" என்றேன், தமாஷாக. அமாவாசையன்று, அதுவும் மேல்மலையனூர் போகிறவரிடம்! வெட்டிய நகம் அடுத்தவர் கையில் கிடைத்தால் செய்வினை வைப்பார்கள் என்ற பயம் தெரியாதவளா நான்?

பேச்சு ஊரெல்லாம் பரவி, நான்கு நாள் கடையில் ஈ ஆடவில்லை. அந்தக் கல்யாணம் கைநழுவினால் அப்புறம் எந்தக் கல்யாணப் பெண் வருவாள்? கடையை மூடிவிட்டுச் சென்னையில் யார் கடைக்காவது வேலைக்குப் போக வேண்டியதுதான். ஐந்தாம் நாள் அந்த அம்மா துணைக்கு நாலு பெண்களோடு வந்து நின்றார்.

"எம்பொண்ணு நகம் பத்தையும் எண்ணிக் குடுத்துடும்மா, நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

திறப்பு விழா

நல்லவேளை, அன்றைக்குத்தான் ராணி அக்காவோடு அந்தத் தனி வண்டி வந்தது. டின்னைத் தெருவுக்குத் தூக்கிவந்து, எல்லோர் முன்னாலும் பூட்டைத் திறந்தேன். உள்ளே வெறும் பஞ்சுதான்; ஒரு மாதம் ஊறிய அதன் நெடி குப்பென்று அடித்தது. ஐந்து பேரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜவுளிக்கடை வாசல்வரை பின்வாங்கினார்கள். "இத்த வெச்சு செய்வினை பண்ணா, பண்றவளுக்குத்தான் மொதல்ல மயக்கம் வரும்" என்றார் ராணி அக்கா, முகக்கவசத்துக்குள்ளிருந்து. மணிக்கட்டுத் தழும்பையும் காட்டி, பூட்டு எதற்கு என்று விளக்கினார்.

அந்த அம்மா தழும்பையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து கல்யாண வேலையை உறுதி செய்தார், ஒரு நிபந்தனையோடு:

"வெட்டுன நகத்த நாங்க பொட்லம் கட்டி எடுத்துக்கறோம், இந்த நாத்தத்த நீயே வெச்சிக்கோ."

நகத்துக்குச் சாயம் பூச இரண்டு மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கிய எனக்கு, அதைத் துடைத்த பஞ்சைத் தூக்கிப் போடக் கற்பதற்குள் சூனியக்காரி என்ற பட்டமும் இலவசமாகக் கிடைத்துவிட்டது.